பெட்டி, பீரோ, வார்ட்ரோப்: சாவி யார் கையில?

இந்த எபிசோடு ஒரு எக்செல் ஷீட்டில் ஆரம்பிச்சது.

கவரைப்பேட்டையில் எங்க வீட்டு மாடியில் புதுசா ஒரு ரூம் கட்டியிருக்கோம். தை மாசம் எனக்குக் கல்யாணம். அந்த ரூமில் சுவரோட சேர்த்து ஒரு வார்ட்ரோப் அடிக்கணும். வந்து அளவெடுத்த கான்ட்ராக்டர், "கீழ அப்பா அம்மா ரூமுக்கும் சேர்த்துப் பண்ணிடுங்க தம்பி, ரேட் குறையும்"னு சொன்னார். ரெண்டு ரூமுக்கும் சேர்த்து நாலரை லட்சம். நான் சாஃப்ட்வேர் ஆளு, உடனே ஷீட்டைத் திறந்துட்டேன். அகலம், ஆழம், பிளைவுட், லேமினேட், கீல், எல்லாத்துக்கும் ஒரு காலம்.

மூணு பேர் அந்த ஷீட்டை உடைச்சாங்க.

முதல் ஆள் அப்பா. கீழ் ரூம் சுவரில்தான் அம்மாவோட கல்யாண பீரோ நிக்குது. 1994ல் சீரா வந்தது. "அது நின்னா பத்து அடி சுவரும் கிடைக்காது. எடைக்குப் போட்டுடலாம்"னார். ரெண்டாவது அம்மா. "காசு பத்தலேன்னா என் ரெட்டை வட செயின் இருக்கு, வித்துக்கலாம்"னாங்க. மூணாவது, நான் கட்டிக்கப்போற பொண்ணு. ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது: "இதுல எனக்குன்னு பூட்டு இருக்கிற கதவு எது?"

என் ஷீட்டில் பூட்டுக்கு காலமே இல்ல. அங்கிருந்துதான் இந்தக் கதைக்குள்ள போனேன். நம்ம ஊர்ல துணியும் நகையும் எங்க இருந்துச்சு, அதோட சாவி யார்கிட்ட இருந்துச்சு? அதான் இன்னைக்கு விஷயம்.

கொடி, பெட்டி, மாடம்

எங்க பாட்டி வீட்டில் வார்ட்ரோப் கிடையாது. ரெண்டு சுவருக்கு நடுவில் ஒரு கொடி. தினம் கட்டுற துணி அதில் தொங்கும். நல்ல துணி, பத்திரம், நகை எல்லாம் டிரங்குப் பெட்டியில். எப்பவாவது எடுக்கிற அண்டா குண்டான் பரண் மேல. விளக்கு மாடத்தில்.

சுவருக்குள்ள அலமாரின்னா ஏதோ புது ஃபேஷன்னு நினைக்காதீங்க. பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, ரெண்டு அடி கனம் இருக்கும். கூரையோட பாரம் முழுக்க சுவர் மேலதான். அவ்வளவு கனமான சுவரில் ஒரு பள்ளம் விட்டு, மரச்சட்டம் வச்சு, ரெண்டு கதவு போட்டா சுவர் அலமாரி ரெடி. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கில் செஞ்ச இந்த மாதிரி அலமாரிகளை இன்னைக்கும் பார்க்கலாம். ரூமில் ஒரு அங்குலம் கூட அது அடைக்காது.

ஆனா அந்த அலமாரி வீட்டோட சொத்து. மருமகளா வர்ற பொண்ணோட சொத்து அவ கொண்டு வந்த பெட்டி. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் கூட வரும்.

பக்கத்து ஊர்ல இறங்கின வார்த்தை

அலமாரின்னு சொல்றோமே, அது தமிழ் வார்த்தை இல்ல. போர்ச்சுகீசிய மொழியில் அர்மாரியோ. அதுக்கும் முன்னாடி லத்தீனில் அர்மாரியம், ஆயுதமும் கருவியும் வைக்கிற இடம். ஜன்னல், சாவி, மேஜை, எல்லாமே அதே கப்பலில் வந்த வார்த்தைகள். இலங்கைத் தமிழர்கள் இன்னும் 'அலுமாரி'ன்னுதான் சொல்றாங்க. ஒரு சாதாரண ரூமைப் பாருங்க. ஜன்னல், மேஜை, அலமாரி, அதைத் திறக்கிற சாவி. பாதி ரூம் போர்ச்சுகீசு.

அந்தக் கப்பல்கள் வந்து நின்ன இடங்களில் ஒண்ணு நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கு. பழவேற்காடு. பொன்னேரியில் பஸ் பிடிச்சா போயிடலாம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அங்க வியாபாரம் பண்ணாங்க. அப்புறம் டச்சுக்காரர்கள். 1613ல் அவங்க கட்டின கோட்டைக்கு கெல்ட்ரியான்னு பேர். ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றினது 1639ல், அதாவது இருபத்தாறு வருஷம் கழிச்சு. 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு பழவேற்காடுதான் தலைநகரம்.

அவங்க தேடி வந்தது துணி. இந்தக் கரையில் நெஞ்ச துணி தென்கிழக்காசியா முழுக்கப் போச்சு. பளையகாட் லுங்கின்னு ஒரு பேர் கேட்டிருப்பீங்களே, அதில் ஒட்டிக்கிட்டு இருக்கிறது இந்த ஊர்தான். அதே கப்பல்களில் பஞ்ச காலத்தில் மனுஷங்களையும் அடிமைகளா ஏத்திட்டுப் போனாங்க. அதைச் சொல்லாம பழவேற்காட்டின் செல்வத்தைப் பத்திப் பேசுறது நியாயம் இல்ல.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியர்களுக்காக கருங்காலி மரத்தில் நாற்காலி, கட்டில், பெட்டி, அலமாரி எல்லாம் செஞ்சாங்க. உருவம் ஐரோப்பியம், உடம்பு முழுக்க நம்ம ஊர் கொடியும் பூவும். லண்டன், ஆம்ஸ்டர்டாம் மியூசியங்களில் இன்னைக்கும் இருக்கு. இதில் ஒரு காமெடி: 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல்னு ஒரு ஆங்கில எழுத்தாளர் இந்தக் கருங்காலி நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். பழைய இங்கிலாந்து, டியூடர் ராஜாக்கள் காலத்துச் சாமான்னு நினைச்சுட்டு! நம்ம ஆசாரி கை வேலையை அவங்க தாத்தா சொத்துன்னு நம்பிட்டாங்க. செஞ்சவங்க பேர் ஒரு நாற்காலியிலும் இல்ல.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போனீங்கன்னா வாசலில் ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நிக்கும். உள்ளே கல்லில் செதுக்கியிருக்கிற வேலைப்பாட்டைப் பாருங்க. அந்தக் காலத்து டச்சு வீட்டுக்குள்ள மரத்தில் என்ன மாதிரி வேலை இருந்திருக்கும்னு கொஞ்சம் புரியும்.

வக்கீல் செஞ்ச பூட்டு

இப்போ பீரோ. இந்த வார்த்தை பிரெஞ்சு. முதலில் அது ஒரு முரட்டுத் துணியோட பேர். அந்தத் துணியை விரிச்ச எழுதுற மேஜைக்கு அதே பேர் வந்தது. அப்புறம் மேஜை இருக்கிற ஆபீசுக்கு. ஆபீசில் இழுப்பறை இருக்கும் இல்லையா, அந்தச் சாமானுக்கும். கடைசியில் நம்ம ஊரில் துணி வைக்கிற இரும்பு அலமாரிக்கு. துணியில் ஆரம்பிச்சு உலகம் சுத்தி துணிக்கே திரும்பி வந்த வார்த்தை.

அந்த இரும்பு அலமாரிக்குப் பின்னாடி ஒரு வக்கீல் இருக்கார், அர்தேஷிர் கோத்ரெஜ். வக்கீல் தொழிலை விட்டார். அறுவை சிகிச்சைக் கருவி செஞ்சு பார்த்தார், தேறலை. 1897ல் பம்பாயில் பூட்டு செய்ய ஆரம்பிச்சார். அது தேறிச்சு. 1902ல் இரும்புப் பெட்டகம். 1923ல் ஸ்டீல் அலமாரி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52ல், ஓட்டுப் பெட்டியும் அந்தக் கம்பெனி செஞ்சது. இந்த வரிசையை ஒரு தடவை திரும்பப் பாருங்க. முதலில் பூட்டு, அப்புறம் பெட்டகம், அப்புறம்தான் அலமாரி. அலமாரிக்குப் பூட்டு போட்ட கதை இல்ல, பூட்டுக்காரர் அலமாரி செஞ்ச கதை. பீரோவுக்குள்ள ஒரு லாக்கர், லாக்கருக்குத் தனிச் சாவி. அது எங்கிருந்து வந்த பழக்கம்னு இப்போ புரியுதா?

பம்பாயில் செஞ்சது எல்லார் வீட்டுக்கும் எப்படி வந்தது? அதுக்கு இரும்புத் தகடு வேணும். 1959ல் ரூர்கேலா ஆலையில் உலை எரிய ஆரம்பிச்சது, 1972ல் பொகாரோவில். உள்நாட்டிலேயே தகடு கூடுதலா வந்ததும் ஊருக்கு நாலு பட்டறை முளைச்சது. தகட்டை வெட்டி, மடிச்சு, வெல்டிங் வச்சு, பெயின்ட் அடிச்சு, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. பீரோ வாங்கப் போனா பெரியவங்க கேட்பாங்க, "எத்தனை கேஜ்?" நம்பர் கூடக் கூட தகடு மெலிசு. இந்தத் தலைகீழ் கணக்கை ஞாபகம் வச்சிருக்கிறவர்தான் வீட்டில் விவரமான ஆள்.

சீதனம் யாருடையது?

கட்டில், பீரோ, மெத்தை. எழுபதுகளில் இருந்து தமிழ்க் கல்யாணச் சீரில் இது ஒரு மந்திரம் மாதிரி. இதை ரொமான்டிசைஸ் பண்ண நான் தயாரா இல்ல. "பீரோ வரலியா?"ன்னு கேட்டு எத்தனை பொண்ணுங்களை அழ வச்சிருக்காங்க. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லயே வந்தாச்சு, கேட்கிறது நிக்கலை.

ஆனா அதே பீரோவுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. புருஷன் வீட்டில் ஒரு பொண்ணுக்குன்னு இருந்த, பூட்டக்கூடிய ஒரே இடம் அதான். வீடு அவ பேரில் இல்ல. நிலம் இல்ல. சமையலறை மாமியாருது. பீரோ சாவி மட்டும் அவ இடுப்பில்.

சீதனம்ங்கிற வார்த்தை ஸ்த்ரீதனத்தில் இருந்து வந்தது, பெண்ணின் செல்வம்னு அர்த்தம். இன்னைக்கு வரதட்சணைங்கிற அர்த்தத்தில் பேசுறோம், சரியா உல்ட்டா. யாழ்ப்பாணத்தில் 1706-07ல் கிளாஸ் ஈசாக்ஸ்னு ஒரு டச்சு அதிகாரி உள்ளூர் வழக்கங்களைத் தொகுத்தார். அதான் தேசவழமை. ஆமா, நம்ம பழவேற்காட்டு டச்சுக் கம்பெனியேதான். முதுசொம், சீதனம், தேடியதேட்டம்னு சொத்தை அதில் பிரிச்சிருக்காங்க. பரம்பரையா வந்தது ஒண்ணு, மகளுக்குக் கொடுத்தது ஒண்ணு, கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சது ஒண்ணு. சீதனத்துக்குன்னு தனிக் கணக்கு.

நம்ம பக்கம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஒரு பெண்ணுக்குக் கிடைச்ச சொத்துக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்கிச்சு. 1985ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவா சொன்னது: ஸ்த்ரீதனம் புருஷன் வீட்டில் இருந்தாலும் அது அவளுடையதுதான், கேட்டு திருப்பித் தரலைன்னா நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம். 1989ல் தமிழ்நாடு மகள்களுக்கு பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. அதை நாடு முழுக்கக் கொண்டு வர 2005 ஆச்சு.

இப்போ சொத்து மாற்றுச் சட்டம், 1882. சுவரோட நிரந்தரமா பொருத்தினது பொதுவா வீட்டோட சேர்ந்ததாகவே கணக்காகும். வாடகைக்கு இருக்கிறவங்க கவனிங்க: வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், நீங்க பொருத்தினதைக் காலி பண்றதுக்கு முன்னாடி கழட்டி எடுத்துக்கலாம், வீட்டை வாங்கின நிலையில் விட்டுட்டுப் போகணும். அக்ரிமென்ட்டைப் படிச்சுட்டு ஆணி அடிங்க.

இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க வீட்டுப் பட்டா அப்பா பேரில். அம்மாவோட செயின் அம்மாவுடையது. அதை வித்து வார்ட்ரோப் அடிச்சா, அம்மாவோட தனிச் சொத்து பிளைவுட்டா மாறி, அப்பா பேரில் இருக்கிற சுவருக்குள்ள போயிடும். யாரும் யாரையும் ஏமாத்தலை. அம்மாவே மனசார சொன்னதுதான். ஆனா முப்பது வருஷமா சாவி போட்டுக் காப்பாத்தினது ஒரே வாரத்தில் கரைஞ்சிடும்.

சுவர் மெலிஞ்சது, பிளைவுட் வந்தது

பழைய சுவர் அலமாரி ஏன் காணாம போச்சு? காங்கிரீட் தூணும் பீமும் வந்ததும் பாரம் சுவர் மேல இல்ல. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை. அதில் பள்ளம் விட வழியில்ல. கொஞ்ச காலம் கடப்பா கல் பலகையைச் சுவரில் செருகி செல்ஃப் பண்ணாங்க, மேல காங்கிரீட் லாஃப்ட். எண்பது, தொண்ணூறில் கட்டின வீடுகளில் இதான் பார்ப்பீங்க. கரையான் தின்னாது, ஊறாது. ஆனா நீங்க நினைச்சபடி மாத்தவும் முடியாது.

அப்புறம் பிளைவுட். இந்தியாவில் பிளைவுட் தொழில் வளர்ந்ததே தேயிலை அனுப்புற பெட்டிக்காக, அசாமில். 1996 டிசம்பர் 12 அன்னைக்கு கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு காட்டு மரம் வெட்டுறதை இறுக்கிப் பிடிச்சது. வடகிழக்கில் பிளைவுட் ஆலைகள் முடங்கின. தொழில் பாப்லர், தைலமரம் மாதிரி வளர்ப்பு மரத்துக்கும் இறக்குமதி மரத்துக்கும் நகர்ந்தது. துறைமுகம் பக்கம் ஆலை இருந்தா லாபம். செஞ்சுரி பிளை நிறுவனத்தின் சென்னை ஆலை நம்ம கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கிறது இந்தக் கதையோட தொடர்ச்சிதான். எல்லையைத் தாண்டினா ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் 2018ல் எம்.டி.எஃப் பலகை ஆலை ஒண்ணு ஓட ஆரம்பிச்சது.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு முகமும் இருக்கு. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்குற உலைகள். அப்பா அந்த சிப்காட்டில்தான் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். அம்மா பீரோவை காயலாங்கடையில் போட்டா அது எங்க போகும்னு அவருக்குத் தெரியும். "கம்பியா மாறி எங்கேயோ ஒரு வீட்டுத் தூணுக்குள்ள நிக்கும், வீணாப் போகாது"ன்னார். அதுக்கு அம்மா சொன்னாங்க: "என் இரும்பும் இன்னொருத்தர் சுவருக்குள்ளயா?" அன்னைக்கு ராத்திரி அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

நாங்க போட்ட பிளான்

வார்ட்ரோப் பிளான் பண்ற மக்களுக்காக, நான் கத்துக்கிட்டது இது.

முதலில் அளவு மொழி. தச்சர் "ஆறு நூல் பலகை"ன்னு சொன்னா குழம்பாதீங்க. எட்டு நூல் ஒரு அங்குலம். ஆறு நூல் முக்கால் அங்குலம், அதான் கடையில் 18, 19 மில்லிமீட்டர். எங்க சைட்டுக்கு வந்த தச்சர் ராஜஸ்தான்காரர், அவரும் ஒரே வாரத்தில் நூல் கணக்கைப் பிடிச்சுட்டார்.

ஹேங்கர் அகலம் பதினேழு, பதினெட்டு அங்குலம். அதனால உள்ஆழம் இருபது, இருபத்திரண்டு வேணும். வெளிஆழம் ரெண்டு அடின்னு எல்லாரும் சொல்வாங்க. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. ரெண்டா கிழிக்கும்போது ரம்பம் கொஞ்சம் தின்னும். அதனால ஆழத்தை இருபத்திமூன்றரைன்னு வச்சா ஒரு ஷீட்டில் ரெண்டு துண்டு சுத்தமா வரும், ரெண்டு அடியே வேணும்னு பிடிவாதம் பிடிச்சா ரெண்டாவது துண்டு குறையும். ஸ்லைடிங் கதவுன்னா தண்டவாளத்துக்கு இன்னும் மூணு நாலு அங்குலம் போகும். சட்டைக்குத் தொங்க மூணரை அடி. சேலையை மடிச்சுத் தொங்க விட்டா மூணு அடிக்குள்ள அடங்கும். தட்டு மூணு அடிக்கு மேல நீளமா இருந்தா நடுவில் தொய்யும், இடையில் ஒரு நிறுத்தப் பலகை கொடுங்க.

பலகையில் ஐ.எஸ் முத்திரை பாருங்க. 303 பொதுப் பயன்பாட்டுக்கு, அதில் ஈரம் தாங்குறது ஒரு ரகம், கொதிநீர் தாங்குறது ஒரு ரகம். 710 மரைன். படுக்கையறைக்கு 303ல் கொதிநீர் ரகமே போதும். ஆனா வெளிச்சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் காக்குதான்னு முதலில் பாருங்க. ஓதமுள்ள சுவரில் எந்தப் பலகை வச்சாலும் பூஞ்சைதான். சுவரைச் சரி பண்ணிட்டு, பின்னாடி அரை அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தணும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்க கீழ் ரூமில் முழங்கால் தண்ணி. பீரோ நாலு செங்கல் மேல நின்னதால காலில் மட்டும் துரு. அதனால கீழ் ரூம் வார்ட்ரோப்புக்கு அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கல் மேடை போட்டோம், மரம் அதுக்கு மேலதான். ஸ்விட்ச் போர்டு எங்க இருக்குன்னும் பாருங்க. நான் பார்க்கலை. மாடி ரூமில் ஒரு ஏசி பாயின்ட் இப்போ சட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு.

கடைசியா, பூட்டு. மாடியில் நாலு கதவு. இடது ஓரக் கதவு அவளுடையது. உள்ளே சுவரோட போல்ட் போட்ட இரும்பு லாக்கர். ரெண்டு சாவியும் அவகிட்டதான், டூப்ளிகேட் என்கிட்ட இல்ல. கான்ட்ராக்டர் சிரிச்சார், "என்ன தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடியே?" இந்த லாக்கருக்கு அவ தன் சம்பளத்தில் காசு கொடுத்தா, பில்லும் அவ பேரிலேயே. எனக்கும் ஒரு டிராயருக்குப் பூட்டு இருக்கு. அதில் என்ன வைக்கிறதுன்னு இன்னும் தெரியலை.

கீழ் ரூமில் பத்து அடிக்குப் பதிலா ஆறு அடி வார்ட்ரோப். ஓரத்தில் நாலு அடி காலி இடம். அதில் அம்மா பீரோ, துரு சுரண்டி, புது பெயின்ட் அடிச்சு. அகலம் குறைஞ்சதில் செலவும் குறைஞ்சது. மீதியை நானும் அப்பாவும் பார்த்துக்கிட்டோம். செயின் லாக்கரிலேயே இருக்கு.

பெயின்ட் அடிக்கிறதுக்காக பீரோவைக் காலி பண்ணும்போது லாக்கர் அடியில் ஒரு கவர் இருந்தது. அம்மாவோட ரெண்டு வளையல் அடகு வச்ச ரசீது. தேதி, நான் காலேஜ் சேர்ந்த ஜூலை மாசம். மீட்ட ரசீது எதுவும் இல்ல. அந்த வளையல் இப்போ எங்க இருக்குன்னு நான் கேட்கலை. நான்தான்னு தெரியும்.

உங்க வீட்டில் பீரோ சாவி யார்கிட்ட இருக்கு? அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும், கேட்டுப் பாருங்க. எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.